கம்பியில்லாத் தொடர்பும் கிராமத்துப் பிழைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊராட்சிக் கூட்டங்களிலும் மகளிர் குழுக்களிலும், படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய இளைஞர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம்; தேவைப்பட்ட இடத்தில் வங்கதேசமும் கென்யாவும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்னல் வந்ததும் வருமானம் தானாக வந்துவிடாது. யாருக்கு, எந்த நேரத்தில், எந்தச் சேதி தெரியாததால் காசு போகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சேதியைக் கொண்டுவந்து சேர்க்கும் ஆளுக்கு ஊரிலேயே கூலி கிடைக்க வேண்டும்.

கம்பியில்லாத் தொடர்பு என்றால் செல்போன்தானே?

செல்போன் அதில் ஒன்று. விசைப்படகில் இருக்கும் வயர்லெஸ் செட், பாம்பனில் ஒலிக்கும் பண்பலை, ஆஸ்பத்திரி மொட்டை மாடியிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகும் வைஃபை, கிணற்று மோட்டார் பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டு, தலைக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள் எல்லாமே இதில் சேர்த்திதான். ஒவ்வொன்றும் எட்டும் தூரம் வேறு, ஆகும் செலவு வேறு, பழுதாகும் விதமும் வேறு. தோட்டத்துக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது. அதனால்தான் கிராமம் என்றதுமே பேச்சு கம்பியில்லாத் தொடர்புக்கு வந்துவிடுகிறது.

இதனால் வருமானம் கூடியதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது. அதிகம் பேசப்படுவது வடகேரளக் கடற்கரை. 1997 முதல் 2001 வரை காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் செல்போன் கோபுரங்கள் பகுதி பகுதியாக வந்தன. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அந்தக் காலம் முழுக்க 15 கடற்கரைச் சந்தைகளின் மத்தி மீன் விலையைத் தொடர்ந்து பதிவு செய்துவந்தார்.

கோபுரம் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு அவர் குறித்துவைத்த ஒரு காலை போதும். 1997 ஜனவரி 14 அன்று வடகரையில் 11 மீனவர்கள் பிடித்த மீனை வாங்க ஆளில்லாமல் நின்றார்கள். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருந்த மற்ற கரைகளில் 27 வியாபாரிகள் மத்தி கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பவிருந்தார்கள். ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியவில்லை. மீன் கடலில் கொட்டப்பட்டது.

கரையோரக் கோபுரத்தின் சிக்னல் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியது. படகில் இருந்தபடியே இரண்டு மூன்று கரைகளுக்குப் பேசிவிட்டு, எங்கே விலை இருக்கிறதோ அங்கே படகைத் திருப்ப முடிந்தது. அதற்கு முன் அன்றாடப் பிடிப்பில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிக்கொண்டிருந்தது. அது அநேகமாக நின்றது. மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்கிச் சாப்பிடுபவர்களுக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. 2007-இல் இந்த ஆய்வு வெளிவந்தபோது உலகம் முழுக்கப் பேசினார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இதற்கென்று திட்டம் எதுவும் போடப்படவில்லை, மானியமும் இல்லை. மீனவர்கள் தங்கள் காசிலேயே போன் வாங்கினார்கள். சில மணி நேரத்தில் கெட்டுப்போகும் சரக்கு, நினைத்த கரைக்குத் திரும்பக்கூடிய படகு, கரை சேர்வதற்குள் எடுத்தாக வேண்டிய முடிவு என்று மூன்றும் ஒன்றாக அமைந்திருந்தன. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் அதே பலனை எதிர்பார்ப்பது சரியாகாது.

அப்படியானால் விவசாயிக்குச் சந்தை விலையைத் தினமும் குறுஞ்செய்தியில் அனுப்பினால் போதுமே?

போதாது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இன்று தக்காளி என்ன விலை என்று தெரிந்துகொள்வதில் இப்போது யாருக்கும் சிரமம் இல்லை. ஆனால் கையில் பத்துப் பெட்டி தக்காளி வைத்திருப்பவர் விலை கூடுதலாக இருக்கும் ஊருக்குத் தனியாக வண்டி பிடித்தால் வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். விதைக்கும் உரத்துக்கும் கமிஷன் மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால், சரக்கு அந்த மண்டிக்குத்தான் போக வேண்டும். கேரளக் கடற்கரைக்குப் பிற்காலத்தில் போன ஆய்வாளர்களும் இதையே எழுதினார்கள்: கடன் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்க வேண்டிய கட்டு இருந்தால், போனில் விலை தெரிந்தும் பயனில்லை.

ஆகவே விலைச் செய்தியோடு வண்டியும் வர வேண்டும், கடனுக்கு மாற்று வழியும் வர வேண்டும். பத்துப் பேர் சரக்கைச் சேர்த்து ஒரே வண்டியில் அனுப்பினால் அப்போது அந்த விலைச் செய்திக்கு மதிப்பு வரும். விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வாட்ஸப் குழுவை நன்றாகப் பயன்படுத்துவது இதற்குத்தான்: நாளைக்கு யார் தோட்டத்தில் எத்தனை பெட்டி என்று முந்தின நாள் மாலையே எண்ணிவிட முடிகிறது.

செல்போன் வருவதற்கு முன்பே நம் பக்கத்தில் இந்த முயற்சி நடந்ததாமே?

நடந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கனடாவின் ஐ.டி.ஆர்.சி. என்ற வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம். கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கிளை மையங்கள். ஊர்களில் அப்போது தொலைபேசி இணைப்பு நம்பும்படி இல்லை. அதனால் போலீஸும் டாக்சிக்காரர்களும் பேசப் பயன்படுத்தும் வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவிகளையே கணினியோடு இணைத்து, பேச்சோடு எழுத்துத் தரவையும் அனுப்பினார்கள். மின்வெட்டைச் சமாளிக்கச் சூரியத்தகடு வைத்தார்கள்.

கருவியை விட அவர்கள் போன முறைதான் எனக்குப் பிடித்தது. முதலில் ஊரில் யார் யாரிடம் சேதி கேட்கிறார்கள் என்று விசாரித்தார்கள். இடம் ஊர் தர வேண்டும், நடத்த ஆட்களும் ஊரிலிருந்தே வர வேண்டும், எல்லாச் சாதியினருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எம்பலத்தில் மையம் கோயிலைச் சேர்ந்த இடத்தில் அமைந்தது, பெண்கள் நடத்தினார்கள், கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள்கூட அந்த அறைக்குள் வரலாம். அரசுத் திட்டங்களின் விவரம், வறுமைக் கோட்டுப் பட்டியல், நெல் விலை, டாக்டர் வரும் நாள் என்று உள்ளூருக்கு வேண்டியதை உள்ளூர்த் தமிழில் தந்தார்கள். 'நம்ம ஊரு செய்தி' என்று பத்திரிகையும் அச்சிட்டார்கள்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே வேண்டியிருந்தது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலுக்கான அலை முன்னறிவிப்பு வெளியாகும். அதை இறக்கித் தமிழில் எழுதி வயர்லெஸில் அனுப்ப, மையத்திலிருந்து ஒலிபெருக்கியில் படித்தார்கள். கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவருக்கும் காதில் விழுந்தது. கணினி முன்னால் யாரும் உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

சுனாமி அன்று இது பயன்பட்டதா?

நல்லவாடு என்ற ஊரில் பயன்பட்டது. 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி கேட்டுப் பதறி வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் அங்கிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கரையை விட்டு விலகி உயிர் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. வந்தது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. அதை ஊர் முழுக்கக் கேட்க வைக்க, தினமும் அலை உயரம் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி தயாராக இருந்தது. அன்றாடம் புழங்கும் கருவிதான் ஆபத்திலும் கைகொடுக்கும் என்று நான் நம்புவதற்கு இந்த ஊர்தான் காரணம்.

மேலூர்ப் பக்கம் ஐ.ஐ.டி.க்காரர்கள் வைத்த இன்டர்நெட் கடைகள் என்ன ஆயின?

பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. கேட்பவர்கள் கொஞ்சம் ஏளனத்தோடு கேட்பதால் விரிவாகச் சொல்கிறேன். அந்த முயற்சிக்கு ஏளனம் தகாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் சகப் பேராசிரியர்களும் மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1990-களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர், இடையில் ஒரு மறு ஒலிபரப்பு நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை எட்டும். போன் பேசிக்கொண்டிருக்கும்போதே விநாடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் வரும், பேசாதபோது 70. இன்றைக்கு இது சொற்பம். அன்றைக்குத் தாலுகா தலைநகரிலேயே இது கிடைக்காது.

2001-இல் தொடங்கி மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் ஹார்வர்ட், எம்.ஐ.டி. உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் பங்கேற்போடு ஏறத்தாழ 80 கிராமக் கடைகள் வந்தன. சிலவற்றைத் தானம் அறக்கட்டளை நடத்தியது, மற்றவற்றை ஊர் இளைஞர்கள் கடன் வாங்கிச் சொந்தமாக நடத்தினார்கள். கணினி, கம்பியில்லாக் கருவி, பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு கடைக்கு 50,000 ரூபாய் அளவுக்கு முதலீடு. பிறப்பு, இறப்புச் சான்று, முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் போன்றவற்றைத் தாலுகா ஆபீசுக்கு மின்னஞ்சலில் அனுப்ப முடிந்ததால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிஞ்சின. மக்கள் வந்தார்கள்.

பிறகு ஏன் மூடினார்கள்? வருமானம் செலவைத் தொடவில்லை. அரசு அலுவலகத்தில் ஆர்வமுள்ள அதிகாரி மாற்றலாகிப் போனால் அந்தச் சேவை படுத்துவிடும். அதோடு கடைக்கு வரும் கூட்டமும் குறைந்துவிடும். கருவி பழுதானால் சரிபார்க்க ஆள் வரத் தாமதமாகும், அதற்குள் வாடிக்கையாளர் போய்விடுவார். திட்டத்தை ஆராய்ந்தவர்கள் எழுதியதில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: ஏற்கெனவே கணினிப் பயிற்சி இருந்தவர்கள் நடத்திய கடைகளும், கடையைக் கவனிக்கவென்றே பயிற்சி பெற்ற தனி ஆள் இருந்த கடைகளும் அதிக காலம் தாக்குப்பிடித்தன. கோபுரம் எல்லோருக்கும் பொதுதான். வேறுபாடு ஆளில் இருந்தது.

இன்று ஊருக்கு ஊர் இ-சேவை மையம் இருக்கிறது. அங்கே சாதிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது, அந்த வழியை முதலில் நடந்து காட்டியவர்களில் மேலூர் இளைஞர்களும் உண்டு என்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

வெற்றிகரமாக இன்றுவரை ஓடும் ஒன்றைச் சொல்லுங்களேன்.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை. 2000-களின் நடுவில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு அங்கே வந்து, மருத்துவமனையையும் சுற்றியிருந்த சிற்றூர்ப் பார்வை மையங்களையும் நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்தது. வைஃபை வீட்டுக்குள் புழங்கத்தான் உருவாக்கப்பட்டது. பல கிலோமீட்டர் தள்ளி வைத்தால், அனுப்பிய செய்தி கிடைத்ததா என்ற பதில் வரத் தாமதமாகும்; கருவி அதைத் தோல்வி என்று எண்ணித் திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலாக்கிவிடும். இவர்கள் கருவியின் உள்நிரலை மாற்றி, இரண்டு முனைகளும் நேரம் பிரித்து முறைவைத்துப் பேசும்படி செய்தார்கள். விலை குறைந்த கருவியிலேயே வீடியோ தடையில்லாமல் போகும் வேகம் கிடைத்தது.

மையத்தில் இருப்பவர் பெரும்பாலும் அதே வட்டாரத்துப் பெண். அரவிந்த் நிறுவனத்திலேயே பயிற்சி பெற்றவர். நோயாளியின் கண்ணைச் சோதித்து விவரத்தை அனுப்புவார். தேனியில் இருக்கும் டாக்டர் திரை வழியாக நோயாளியோடு நேரடியாகப் பேசுவார். கண்ணாடி மட்டும் தேவை என்றால் அங்கேயே முடிந்துவிடும். புரை என்றால் அறுவைக்கு மருத்துவமனைக்கு வரச் சொல்வார்கள். கட்டணம் தொடக்கத்தில் 20 ரூபாய்; அதைக் கட்டினால் மூன்று முறை வரலாம்.

இது ஏன் பிழைப்பைப் பற்றிய பதிலில் வருகிறது என்று கேட்கலாம். கண் மங்கிய தையல்காரருக்கும் நெசவாளிக்கும் பார்வை திரும்பினால் தொழில் திரும்புகிறது. கூடத் துணைக்கு வரும் மகனோ மகளோ ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை. மையத்தில் உட்காரும் பெண்ணுக்கு ஊருக்கு அருகிலேயே மாதச் சம்பளம். இணைப்புக்கான செலவைத் தாங்க மருத்துவமனை என்ற உறுதியான நிறுவனம் பின்னால் நிற்கிறது. மேலூரில் இல்லாதது இதுதான். அரவிந்தின் பார்வை மையங்கள் இன்று நூற்றைத் தாண்டிவிட்டன. இணைப்புத் தொழில்நுட்பம் காலத்துக்கேற்ப மாறினாலும் வேலை செய்யும் முறை அதேதான்.

வைஃபையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்? லைசென்ஸ் வேண்டுமா?

திசை பார்த்து வைக்கும் ஆன்டெனா இருந்தால் 10, 20 கிலோமீட்டர் சாதாரணம். வெனிசுவேலாவில் மலைகளுக்கு இடையே 382 கிலோமீட்டர் வரை சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதாது, நேர்கோட்டைச் சுற்றியும் இடம் வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 10 கிலோமீட்டர் இணைப்பு என்றால் நடுவழியில் கோட்டுக்குக் கீழே ஏழெட்டு மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். நம் ஊரில் குறுக்கே நிற்பது பெரும்பாலும் தென்னந்தோப்பு. வைக்கும்போது குட்டையாக இருந்த கன்று ஐந்தாறு ஆண்டில் சிக்னலை மறைத்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-லும், 5 கிகாஹெர்ட்சின் பெரும்பகுதிக்கு 2018-லும் இந்தியாவில் உரிமத் தேவை நீக்கப்பட்டது. குறிப்பிட்ட திறனுக்குள் இருந்தால் அலைவரிசைக்குக் காசு கட்ட வேண்டாம். ஆனால் இணையத்தை விலைக்கு விற்பது வேறு விஷயம், அதற்குத் தனி விதிகள் உண்டு.

டீக்கடையில் வைஃபை விற்கலாம் என்கிறார்களே?

ஆமாம், அது பி.எம்.-வாணி திட்டம், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்தது. கடைக்காரர் லைசென்ஸ் எடுக்க வேண்டாம். இணைப்பை ஒரு நிறுவனத்திடம் வாங்கி, சிறு சிறு தொகைக்கு மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். ஊரில் செல்போன் டேட்டா நன்றாக எடுத்தால் இதில் பெரிய லாபம் பார்ப்பது கடினம். எடுக்காத ஊரில், இருக்கிற கடையோடு சேர்த்து நடத்தினால் நல்லது. இதை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

கரண்ட் சரியில்லாத ஊரில் கருவிகள் தாங்குமா?

கரண்ட் போவதை விட, தாறுமாறாக வருவதுதான் கருவியைக் கொல்கிறது. தேனி இணைப்புகளை வைத்த குழு இதைத் தனியாகவே ஆராய்ந்து எழுதியது. ஐநூறு வோல்ட்டைத் தாண்டும் எழுச்சிகள்கூடப் பதிவாயின. குறைந்த மின்னழுத்தத்தில் கருவி பாதி உயிரோடு கிடந்து நினைவகத்தைக் கெடுத்துக்கொண்டது. பேட்டரி முழுக்க வடியும் வரை விட்டதால் சீக்கிரம் செத்தது.

என் பரிந்துரை: முதல் செலவு ஆன்டெனாவுக்கு வேண்டாம், மின்சாரத்துக்குச் செய்யுங்கள். மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாகத் துண்டிக்கும் அமைப்பு, நல்ல பேட்டரி, முடிந்தால் சிறிய சூரியத்தகடு. கருவிகள் 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. தகடு சார்ஜ் செய்யும் பேட்டரியிலிருந்தே கொடுக்கலாம், இன்வெர்ட்டர் வேண்டாம். உயரமான கம்பத்துக்கு எர்த் கட்டாயம் போடுங்கள். ஐப்பசி மாத இடி ஒன்று போதும், ஒரு வருடச் சேமிப்பு போய்விடும்.

மோட்டாரை செல்போனில் போடும் ஸ்டார்ட்டர் நல்லதா?

நல்லது, ஒரு எச்சரிக்கையோடு. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும் ஊர்களில் வரப்பில் பாம்புக்கும் மின்கசிவுக்கும் பயந்து போவது யாருக்கும் புதிதில்லை. பெட்டிக்குள் சிம் இருக்கும் ஸ்டார்ட்டர் மிஸ்டு காலிலேயே மோட்டாரைப் போடும், நிறுத்தும். பெண்கள் தனியாக விவசாயம் பார்க்கும் வீடுகளில் இது பெரிய விடுதலை. வேளாண் பொறியியல் துறையில் மானியமும் கேட்டுப் பார்க்கலாம்.

எச்சரிக்கை நிலத்தடி நீர் பற்றியது. நம் மாநிலத்தில் விவசாய மின்சாரம் இலவசம். போடுவது எளிதாகிவிட்டால் நிறுத்த மறந்துபோகும். நேர அளவு வைத்துத் தானாக நிற்கும் வசதியும், கிணறு வற்றினால் மோட்டாரைத் துண்டிக்கும் வசதியும் இருக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சொட்டு நீரோடு சேர்த்தால்தான் இந்தக் கருவி தண்ணீரையும் மிச்சப்படுத்தும். இல்லாவிட்டால் ஊர்க் கிணறுகளை இன்னும் வேகமாக இறைத்துத் தீர்த்துவிடும்.

ஆழ்கடலில் செல்போன் எடுப்பதில்லையே, மீனவருக்கு என்ன வழி?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒக்கி புயல் இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலை அது தாக்கியபோது, எச்சரிக்கை வருவதற்கு முன்பே பல படகுகள் கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தன. தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். செல்போன் சிக்னலும் வயர்லெஸ் செட்டும் அவர்களை எட்டவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். அதில் எத்தனையோ வீடுகளுக்கு உடலும் வரவில்லை.

அதன் பிறகு 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் மையம் தரும் புயல், அலை எச்சரிக்கைகளைக் ககன் செயற்கைக்கோள் வழியாகப் பெற்று, புளூடூத் மூலம் போனுக்குக் கொடுக்கும். கரையிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் சேதி வரும். குறை என்னவென்றால், வரும் சேதியைப் படிக்கலாம், அதில் திருப்பிப் பேச முடியாது. ஆபத்தில் கூப்பிடவும், வீட்டுக்கு 'நல்லா இருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவும் இருவழிக் கருவி எல்லாப் படகிலும் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

பிழைப்புக்கு உதவும் இன்னொன்று, மீன்வளம் மிகுந்த பகுதி எது என்ற இன்காய்ஸ் அறிவிப்பு. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பாசியின் நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கூட வாய்ப்புள்ள இடத்தைச் சொல்கிறார்கள். தேடி அலையும் டீசல் மிஞ்சும். மேகம் மூடியிருந்தால் தெளிவாகத் தெரியாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை என்பதால் அப்போது இந்த அறிவிப்பு இராது. இராமேசுவரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு 90.4-இல் கடல் ஓசை சமுதாய வானொலியும் இருக்கிறது. 2016-இலிருந்து மீனவர்களுக்காகவே பேசுகிறது.

பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது? போன் அப்பா கையிலும் அண்ணன் கையிலும்தானே இருக்கிறது?

உண்மை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருப்போர் 54 சதவீதம்தான். வீட்டில் போன் இருப்பதும் அவள் கையில் போன் இருப்பதும் ஒன்றல்ல.

வங்கதேசத்தில் 1997-இல், ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் கிராமீன் அமைப்பு வேறு வழியில் போனது. பெண்களுக்குக் கடன் கொடுத்து செல்போன் வாங்க வைத்தது. அவர்கள் ஊராருக்கு நிமிடக் கணக்கில் பேசக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். ஊரின் ஒரே போன் ஓர் ஏழைப் பெண்ணின் வீட்டில் இருந்ததால், பெரிய வீட்டு ஆட்களும் அவள் வாசலுக்கு வர வேண்டியிருந்தது. பிறகு எல்லோரும் போன் வாங்கிவிட்டார்கள், அந்த வருமானம் வடிந்தது. எந்தத் தொழில்நுட்பத்தை வைத்தும் வாடகைத் தொழில் தொடங்கினால், சில வருடங்களில் அடுத்ததற்கு மாறத் தயாராக இருக்க வேண்டும்.

கென்யாவில் 2007-இல் வந்த எம்-பெசா என்ற செல்போன் பணச் சேவை இதை விட ஆழமாகப் போனது. சாதாரண பட்டன் போனிலேயே பணம் அனுப்பலாம், சேர்க்கலாம். 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அதனால் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து மீண்டன என்றும், 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டுச் சிறு வியாபாரத்துக்கு மாறினார்கள் என்றும் மதிப்பிட்டது. பணம் அவளுடைய எண்ணில், அவளுடைய ரகசியக் குறியீட்டுக்குள் இருந்தது. நம் மகளிர் குழுக்களில் யு.பி.ஐ. பழக்கும்போது நான் முதலில் சொல்வதும் இதுதான்: சிம் உங்கள் பேரில் இருக்கட்டும், பின் நம்பர் உங்கள் மனதில் மட்டும் இருக்கட்டும்.

தெலங்கானாவின் மாச்சனூரில் 2008-இல் தொடங்கிய சங்கம் வானொலியை தலித் பெண்களே நடத்துகிறார்கள். விதை, சிறுதானியம், மருந்து மூலிகை எல்லாம் அவர்கள் குரலிலேயே. அதைக் கேட்பதற்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

கோபுரம் வந்தால் சிட்டுக்குருவி போய்விடும், புற்றுநோய் வரும் என்கிறார்களே?

செல்போன் அலைகள் எக்ஸ்ரே போல அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கும் வகை அல்ல. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல், அலை வீச்சுக்கான சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் கோபுரத்துக்கு அனுமதி. குருவி குறைந்ததற்குக் கோபுரம்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஓட்டு வீட்டு இடுக்குகள் போனதையும் பூச்சிமருந்தையும் பற்றி யோசித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் அளந்து காட்டக் கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு.

எங்கள் ஊரில் தொடங்க நினைக்கிறோம். எதிலிருந்து ஆரம்பிக்க?

கருவி விற்பவரிடம் போவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் ஊரில் உட்கார்ந்து பேசுங்கள். டீக்கடை, ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கும் இடம். போன மாதம் எதற்காக டவுனுக்குப் போனீர்கள், எவ்வளவு செலவானது, வேலை முடிந்ததா என்று கேளுங்கள். அலைந்து திரும்பிய பயணங்களின் பட்டியலே உங்கள் திட்டம். அதன் பிறகு மாதச் செலவைக் கணக்குப் போடுங்கள்: இணைப்புக் கட்டணம், மின்சாரம், மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பேட்டரிக்கான சேமிப்பு, ஆள் சம்பளம். நன்கொடை நின்ற மறுமாதம் இதை யார் கட்டுவார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் கம்பம் நடாதீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஊரை விட்டுச் சீக்கிரம் போகாதவரைப் பாருங்கள். திருமணமாகி அந்த ஊருக்கே வந்த, பத்தாவது படித்த மருமகள் பல இடங்களில் நல்ல தேர்வு. அவரோடு இன்னொருவருக்கும் சேர்த்தே பயிற்சி கொடுங்கள். கருவியில் ஓர் உதிரி எப்போதும் ஊரிலேயே இருக்கட்டும்.

செலவே இல்லாமல் இன்றைக்கே பயன்படுத்த ஏதாவது உண்டா?

கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. 2004-இலிருந்து இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காலை 6 முதல் இரவு 10 வரை. பட்டன் போன் போதும். ஸ்மார்ட்போன் இருந்தால் தமிழக அரசின் உழவன் செயலியும், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வானிலையோடு பயிர் ஆலோசனை தரும் மேக்தூத் செயலியும் இலவசம். ஆடு மேய்ப்பவர்கள், நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் வீட்டில் ஒரு போனிலாவது தாமினி செயலியைப் போட்டுவையுங்கள். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. 20, 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் நெருங்கினால் எச்சரிக்கும். எச்சரிக்கை வந்ததும் வெட்டவெளியையும் தனி மரத்தடியையும் விட்டு, கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.